கரிசல்காரர் பதில்கள்: புறாவுக்கென்று ஒரு வயல்

போன இதழில், டெக்சாஸில் நான் வயல் பார்த்துக்கொள்ளும் பண்ணையில் புறா வேட்டைக்கென்றே சூரியகாந்தி போடுகிறோம் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். பருத்தியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியதை யாரும் சீண்டவில்லை. வந்த கடிதமெல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான். சரி, இந்த இதழ் முழுக்கப் புறாதான்.

டாலஸுக்குத் தெற்கே நாற்பது ஏக்கர் வாங்கியிருக்கிறோம். போன வருஷம் அதில் ஐந்து ஏக்கர் சூரியகாந்தி போட்டேன். நன்றாகப் பூத்து விதையும் பிடித்தது. ஆனால் செப்டம்பரில் ஒரு புறாகூட இறங்கவில்லை. பக்கத்து ஆளின் அறுவடை முடிந்த கோதுமைத் தாளில் கூட்டம் கூட்டமாக மேய்கிறது. விதையில் கோளாறா அண்ணே?
— வாசகர், டாலஸ்

விதையில் கோளாறு இருக்காது தம்பி. உங்கள் வயலில் செடிகளுக்கு நடுவே தரை எப்படி இருந்தது என்று எழுதவே இல்லையே. முழங்கால் உயரத்துக்குப் புல் மண்டியிருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இங்கே வேட்டையாடப்படும் புறாவில் பெரும்பங்கு மோர்னிங் டவ் என்கிற மெலிந்த, வால் கூரான புறா. எடை நூற்றிருபது கிராம் சுமாருக்குத்தான் வரும். அதன் காலைப் பாருங்கள். சின்னக் கால், அதில் வலுவே கிடையாது. கோழி மாதிரி சருகைக் கிளறி இரை எடுக்க அதற்குத் தெரியாது. புல்லை விலக்கிக்கொண்டு நடக்கவும் முடியாது. கிளி மாதிரி பூத்தட்டில் தொற்றிக்கொண்டு கொத்துவதும் அதன் வழக்கமில்லை. தரையில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கிடக்கும் விதையை நடந்து நடந்து பொறுக்கும். அது தின்பதெல்லாம் ஏறக்குறைய விதை மட்டுமே. பூச்சி, தளிர் என்று மாற்று ஏற்பாடு எதுவும் கிடையாது.

இறங்கும்போது பார்த்தால் இன்னும் புரியும். முதலில் மின்கம்பியிலோ பட்ட மரத்திலோ உட்காரும். தலையை ஆட்டி ஆட்டிக் கீழே நோட்டம் விடும். பருந்தோ பூனையோ பதுங்க இடமில்லாத வெட்டவெளி என்று தெரிந்தால்தான் இறங்கும். பக்கத்து ஆளின் தாளில் அதுதான் இருக்கிறது: அறுவடையில் சிந்திய மணி, சுத்தமான தரை, சுற்றிலும் தெளிவான பார்வை. உங்கள் வயலில் அதைவிடப் பத்து மடங்கு தீனி தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. புறாவைப் பொறுத்தவரை அது இல்லாத தீனி.

ஆகவே அடுத்த வருஷம் களையிலிருந்து ஆரம்பியுங்கள். விதைப்புக்கு முன்னால் மண்ணில் கலக்கிற ட்ரைஃப்ளூராலின் போன்ற களைக்கொல்லி நம் ஊர் விவசாயிக்கும் தெரிந்ததுதான். இமிடசோலினோன் வகைக் களைக்கொல்லியைத் தாங்குகிற சூரியகாந்தி ரகங்களும் இங்கே கிடைக்கின்றன. முளைத்த பிறகும் களையை அடிக்கலாம் என்பது அதில் வசதி. எது வாங்கினாலும் வரிசை விதைப்புதான். வரிசைக்கு வரிசை மூன்றடி விடுங்கள். ஏக்கருக்கு இரண்டு கிலோ விதை போதும். செடி முழங்கால் உயரம் வருவதற்குள் ஒரு தடவையாவது இடை உழவு ஓட்டிவிடுங்கள். எண்ணெய்க்குப் போடுகிற சிறிய கறுப்பு விதை ரகமாகப் பாருங்கள். கொறிக்கிற கோடு போட்ட பெரிய விதை புறாவின் வாய்க்குத் தோதில்லை. மானுக்குச் சூரியகாந்தி முளை என்றால் உயிர். ஐந்து ஏக்கர் என்றால் ஒரே வாரத்தில் மொட்டையடித்துவிடும். அந்தப் பக்கம் மான் நடமாட்டம் இருந்தால் முதல் ஆறு வாரத்துக்கு மின்வேலி இல்லாமல் முடியாது.

விதைப்பது எப்போது, வெட்டுவது எப்போது? ஒரே நாளில் வெட்டிவிடலாமா?
— அதே வாசகர், மறுநாள் அனுப்பியது

ஒரே நாளில் வெட்டினால் ஒரு வாரத்துக்குத் திருவிழா, அப்புறம் வெறும் மைதானம்.

புறா வேட்டைச் சீசன் டெக்சாஸின் வட, நடு மண்டலங்களில் செப்டம்பர் 1-இல் திறக்கும். நாட்டில் எங்குமே அதற்கு முன்னால் திறக்கக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சூரியகாந்தி முற்ற நூறு நாள் சொச்சம் ஆகும். தரையில் விதை விழுந்து, புறா கண்டுபிடித்து, பழகி, தன் கூட்டத்தையும் கூட்டிவர மூன்று, நான்கு வாரமாவது கொடுக்க வேண்டும். அப்படியென்றால் ஏப்ரலில் விதைப்பு. நாங்கள் இன்னும் சற்று முந்திக்கொள்வோம். இந்தப் பக்கத்து மண் நம் கோவில்பட்டிக் கரிசலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. மழை பெய்தால் டிராக்டரை உள்ளே விடாது, காய்ந்தால் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற நாலு நாளை விடக் கூடாது.

பூத்தட்டு கவிழ்ந்து, முதுகுப்புறம் மஞ்சளைத் தாண்டிப் பழுப்பாக வேண்டும். ஒரு தட்டை எடுத்து உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். விதை பொலபொலவென்று உதிர்ந்தால் வெட்டலாம். ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். வயலை நீளப் பட்டைகளாகப் பிரித்து, ஆகஸ்ட் முதல் வாரத்தில் முதல் பட்டையை வெட்டுங்கள். அகலம் டிராக்டரில் இழுக்கும் வெட்டுக் கருவி (மோவர்) இரண்டு நடை போகிற அளவு. பக்கத்துப் பட்டையை நிற்கவிடுங்கள். பத்து நாள் கழித்து அடுத்த பட்டை. இப்படி அக்டோபர் வரை தீனி விழுந்துகொண்டே இருக்கும். நிற்கும் பட்டைக்கு இன்னொரு வேலையும் உண்டு, வேட்டைக்காரர் ஒளிந்து உட்கார அதுதான் மறைப்பு.

வெட்டிய தண்டும் இலையும் விதையை மூடிக்கொள்ளும். அதைக் கூட்டி ஒதுக்கலாம், எரிக்கலாம். ஆகஸ்டில் இங்கே பல கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) தீ மூட்டத் தடை அமலில் இருக்கும், அதைக் கேட்டுக்கொண்டு தீக்குச்சியைத் தொடுங்கள். சட்டிக்கலப்பையை ஓட்டுவதானால் மேலாக, லேசாக. ஆழமாகப் போனால் பாடுபட்டு விளைவித்த தீனியை நீங்களே புதைத்தவர் ஆவீர்கள்.

தண்ணீரையும் மறக்காதீர்கள். மாலையில் அடையப் போகுமுன் புறா தண்ணீருக்கு வரும். குட்டைக் கரையில் ஒரு பக்கமாவது செடி கொடி இல்லாமல், சரிவாக, மொட்டையாக இருக்கட்டும். கோரை சூழ்ந்த குட்டைக்கு வாத்து வரும், புறா வராது.

ஜார்ஜியாவில் எங்களுக்கு எட்டு ஏக்கர் செம்மண். சூரியகாந்திக்கு அவ்வளவு மெனக்கெட முடியாது. சுலபமாக எதைப் போடலாம்?
— வாசகி, அட்லான்டா

அம்மா, நீங்கள் சிறுதானியத்துக்கு வாருங்கள். உங்கள் பக்கத்துப் பண்ணைகளில் பிரவுன்டாப் மில்லட் என்று மூட்டையில் விற்பார்கள். அது நம் குலசாமைதான். இந்தியாவிலிருந்து 1915-இல் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டது. நம்மூரில் அதை இப்போதுதான் மறுபடி தேடிப்பிடித்து, அழகான பொட்டலத்தில் போட்டு, விலையை ஏற்றி விற்கிறோம். தென் மாநிலங்களில் அது பல தலைமுறையாகப் புறாவுக்கும் காடைக்கும் விளைகிறது.

ஏக்கருக்கு எட்டு கிலோ வீசி விதைத்து லேசாக மூடினால் போதும். அறுபது, எழுபது நாளில் முற்றிவிடும். ஆகவே ஜூன் கடைசியில் போட்டால்கூடச் சீசனுக்குத் தயார். பனிவரகு இன்னும் நல்ல தீனி, ஆனால் பத்திருபது நாள் கூடுதலாகக் கேட்கும். எள்ளும் போடலாம், புறாவுக்கு அது பிரியமான சாப்பாடு. வாங்கும்போது மட்டும் காய் வெடித்து உதிர்கிற ரகமா என்று கேட்டு வாங்குங்கள். இயந்திர அறுவடைக்கு ஏற்றபடி உதிராத ரகங்கள் வந்துவிட்டன. வியாபாரிக்கு நல்லது, புறாவுக்குப் பட்டினி.

எட்டு ஏக்கர் போதுமா என்று கேட்காமல் விட்டீர்கள். போதும். ஆனால் எட்டுப் பேருக்கு மேல் துப்பாக்கியோடு உட்கார வைக்காதீர்கள். உங்கள் மாநிலத்தில் முதல் நாள் மட்டும் நண்பகலுக்குப் பிறகுதான் சுட ஆரம்பிக்கலாம். அதனால்தான் அங்கே முதல் நாள் என்றால் மதிய விருந்தும் சேர்ந்தே நடக்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு? தீவனக் கடையில் கோதுமை ஒரு மூட்டை மலிவாகக் கிடைக்கிறது. வாங்கி வயலில் இறைத்துவிட்டால் முடிந்தது. நண்பர் ஒருவர் அப்படித்தான் செய்கிறார்.
— வாசகர், கேட்டி, டெக்சாஸ்

உங்கள் நண்பர் செய்வது மத்திய அரசு சட்டப்படி குற்றம். அந்த வயலில் போய் உட்கார்ந்தால் நீங்களும் குற்றவாளி. அபராதம் பதினைந்தாயிரம் டாலர் வரைக்கும், சிறை ஆறு மாதம் வரைக்கும் போகலாம். இரை போட்டவருக்குத் தண்டனை இதைவிடக் கடுமை. "எனக்குத் தெரியாது" என்பதும் சுலபத்தில் எடுபடாது. தெரிந்திருக்க வேண்டியவர் என்றாலே போதும் என்று 1998-இல் திருத்திய சட்டம் சொல்கிறது.

கோடு எங்கே என்று சொல்கிறேன். அந்த நிலத்தில் விளைந்ததை அந்த நிலத்திலேயே வெட்டலாம், உழலாம், எரிக்கலாம், மாட்டை விட்டு மிதிக்க வைக்கலாம். அதன்மேல் புறாவைச் சுடலாம். (வாத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.) வெளியிலிருந்து ஒரு படி தானியம் கொண்டுவந்து இறைத்தால் அது தூண்டில் இரை. உங்கள் வயலிலேயே அறுத்துக் களஞ்சியத்துக்குப் போன தானியத்தைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டினாலும் அதே கதைதான். இரையைக் கடைசி மணி வரை அள்ளி அகற்றிய பிறகும் பத்து நாள் அந்த இடம் தூண்டில் இடமாகவே கணக்கு.

கோதுமை விதைப்பில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். மாட்டு மேய்ச்சலுக்கு இங்கே இலையுதிர் காலத்தில் கோதுமை விதைப்பது வழக்கம். வேளாண் விரிவாக்கத் துறை அந்த வட்டாரத்துக்குச் சொல்கிற தேதியில், சொல்கிற அளவில், முறைப்படி விதைத்திருந்தால் மேலே கிடக்கும் விதை தப்பில்லை. அதே வயலில் இரண்டாம் முறை, மூன்றாம் முறை "விதைத்தால்" அது விதைப்பாகாது. வேட்டைச் சட்டத்தைக் கண்காணிக்கும் அதிகாரிகளான கேம் வார்டன்கள் பலரும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். ஏக்கருக்கு எவ்வளவு என்று அவர்களுக்கும் கணக்குத் தெரியும்.

இன்னொன்று. டெக்சாஸில் வேலிக்கு வேலி மான் தீவனத் தொட்டி நிற்கிறது. கடிகாரம் வைத்தாற்போல் மக்காச்சோளத்தைச் சுற்றி இறைக்கும். அது மானுக்கு வைத்தது என்பது புறாவுக்குத் தெரியாது, வார்டனுக்கும் அக்கறையில்லை. இத்தனை கெஜத்துக்கு அப்பால் என்றால் பரவாயில்லை என்று சட்டத்தில் தூரமும் எழுதவில்லை. ஆகஸ்ட் பாதியிலேயே தொட்டியை நிறுத்தி, கீழே கிடப்பதையெல்லாம் அள்ளிவிடுவதுதான் எங்கள் வழக்கம்.

விதையே போடாமல் புறாவை வரவழைக்க முடியுமா?
— வாசகர், சான் அன்டோனியோ

முடியும். என்னைக் கேட்டால் அதுதான் உத்தமம். விதை விற்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

குரோட்டன் என்றொரு களை. உள்ளூரில் 'ஆட்டுக் களை', 'புறாக் களை' என்றெல்லாம் பெயர். நம்மூர் வீட்டு வாசலில் வளர்க்கும் பல நிறக் குரோட்டன் இல்லை இது, சாம்பல் பூத்த இலையும் மேலெல்லாம் சுணையுமாக இருக்கும் ஒரு வருஷச் செடி. மாடு தொடாது. அதனால் அதிகம் மேய்ந்த நிலத்தில் இது மட்டும் தழைக்கும். பண்ணைக்காரர் திட்டித் தீர்ப்பார்கள், புறாவுக்கோ அமிர்தம். சுட்ட புறாவைச் சுத்தம் செய்யும்போது நான் தீனிப்பையைக் கீறிப் பார்ப்பது வழக்கம். எங்கள் சூரியகாந்தி வயலின் நடுவிலேயே விழுந்த பறவையாக இருக்கும், உள்ளே பார்த்தால் பாதிக்குப் பாதி குரோட்டன் விதை, பழுப்பும் சாம்பலுமாக வழவழவென்று. நாம் உரம் போட்டு வளர்த்ததை ஒரு வாய், வேலியோரத்தில் தானாக முளைத்ததை ஒரு வாய்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஜனவரி, பிப்ரவரியில் மேய்ச்சல் நிலத்தில் பட்டை பட்டையாகச் சட்டிக்கலப்பை ஓட்டுங்கள். மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் குரோட்டனும் காட்டுச் சூரியகாந்தியும் முளைத்துவரும். செலவு டீசல் மட்டும். ஆகஸ்டில் அதிலும் சில பட்டைகளை வெட்டிவிட்டு, பக்கத்தில் கொஞ்சம் வெறுந்தரை விடுங்கள்.

நண்பர்கள் தினமும் வரட்டுமா என்கிறார்கள். சுட்டுக்கொண்டே இருந்தால் புறா பழகிவிடும் என்கிறார் ஒருவர்.
— வாசகர், ஹூஸ்டன்

பழகாது, பக்கத்து வயலுக்குப் போய்விடும். வாரத்துக்கு ஒரு நாள் போதும். அதுவும் மாலை ஐந்து மணியோடு துப்பாக்கியை மடக்கிவிடுங்கள். அதற்குப் பிறகு புறா நிம்மதியாகத் தின்றுவிட்டு அடையப் போனால் மறுநாளும் வரும். சீசன் முழுக்க ஒரே இடத்தில் சுட்டால் தரையெல்லாம் ஈயக் குண்டு. தீனியை அரைக்கச் சிறு கல் பொறுக்கும் புறா அதையும் சேர்த்து விழுங்கிச் சாகும். எஃகுக் குண்டுக்கு மாறுவது நல்லது. இல்லாவிட்டால் சீசன் முடிந்ததும் ஆழ உழுதாவது விடுங்கள். உங்கள் குண்டு அடுத்தவர் வேலியைத் தாண்டுவது டெக்சாஸில் தனிக் குற்றம் என்பதையும் நண்பர்களிடம் சொல்லிவையுங்கள்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி தொடலாமா?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

குடியேற்றமில்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய அரசு சட்டத்தின் பொது விதி. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. முதலில் உரிமம், பிறகுதான் துப்பாக்கி. கடன் வாங்கிய துப்பாக்கிக்கும் இதே வரிசைதான். விசா சமாச்சாரம் என்பதால் ஒரு வழக்கறிஞரையும் கேட்டுக்கொள்ளுங்கள், பத்திரிகைப் பதிலை நம்பி இறங்காதீர்கள். டெக்சாஸில் உரிமத்தோடு பறவைகளுக்கான கூடுதல் முத்திரையும் வேண்டும். 1971 செப்டம்பர் 2-ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர் வேட்டைப் பாடமும் முடித்திருக்க வேண்டும்.

நம்மூர்ப் புறாவும் அங்கே இருக்கிறதாமே?
— மாணவி, மதுரை

இருக்கிறது. கழுத்தின் பின்னால் கறுப்பு வளையம் போட்ட கள்ளிப்புறா. பஹாமாஸ் தீவில் கூண்டிலிருந்து தப்பி, 1980-களில் ஃபுளோரிடாவுக்கு வந்து, இப்போது நாட்டின் பெரும்பகுதியில் குடித்தனம் நடத்துகிறது. வந்தேறி என்பதால் டெக்சாஸில் அதற்குச் சீசனும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. மோர்னிங் டவ், வெள்ளைச் சிறகுப் புறா இவற்றில் மொத்தம் ஒரு நாளைக்குப் பதினைந்துதான். செதில் செதிலாகத் தெரியும் குட்டி இன்கா புறாவைச் சுடவே கூடாது. அடையாளம் தெரியாமல் விசையை இழுக்கிறவருக்கு எங்கள் வயலில் இடமில்லை.

விளாத்திகுளம் பக்கம் மானாவாரிச் சோளம், சூரியகாந்தி போடுகிறேன். புறாத் தொல்லை தாங்கவில்லை. நாங்களும் சுடலாமா?
— விவசாயி, தூத்துக்குடி மாவட்டம்

கூடாது அண்ணாச்சி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 அதற்கு இடம் தராது. ஜெயிலுக்குப் போகிற விஷயம். ஆனால் மேலே சொன்னதையெல்லாம் தலைகீழாகச் செய்தால் உங்களுக்கு உதவும். பூத்தட்டைக் கொத்துவது பெரும்பாலும் கிளி, புறாமேல் பழி போடாதீர்கள். புறாவின் சேதம் விதைப்பில்தான். விதை மேலே தெரியக் கூடாது. கைவிதைப்பை விட்டுவிட்டு விதைப்புக் கருவியில் சரியான ஆழத்தில் போட்டு, மண் மூடி அமுக்கிவிடுங்கள். வரப்பில் சிந்திய விதையைப் பொறுக்கிவிடுங்கள், முதலில் அதைப் பார்த்துத்தான் கூட்டம் இறங்கும்.

சமாதானத்தின் சின்னத்தைச் சோறு போட்டுக் கூப்பிட்டுக் கொல்வது துரோகமில்லையா? வெட்கமாயில்லையா?
— வாசகி, மயிலாப்பூர்

அம்மா, கோபம் நியாயமானது. சோறு போட்டுக் கூப்பிடுவதில் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது. அதை நான் மறுக்கப்போவதில்லை. அந்தச் சட்டம் இறைத்த தானியத்துக்கும் விளைந்த தானியத்துக்கும் கோடு போட்டதே அந்தக் கூச்சத்தில்தானோ என்று நினைப்பதுண்டு.

ஆனால் இதையும் கேளுங்கள். அமெரிக்காவில் பயணப் புறா என்று ஓர் இனம் இருந்தது. வானத்தை மறைத்துப் பறந்ததை, சந்தைக்குப் பெட்டி பெட்டியாகச் சுட்டு அனுப்பியே தீர்த்தார்கள். கடைசிப் பறவை மார்த்தா சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் செத்தது 1914 செப்டம்பர் 1. இன்று புறாச் சீசன் திறக்கிற அதே தேதி. நான்கு வருஷம் கழித்து, 1918-இல், இடம்பெயரும் பறவைகளுக்கான சட்டம் வந்தது. நான் மேலே எழுதிய சீசன், வரம்பு, தூண்டில் இரைத் தடை எல்லாம் அதன் கீழ் வருபவை. மோர்னிங் டவ் தென் மாநிலங்களில் வருஷத்துக்கு ஐந்து, ஆறு தடவைகூடக் குஞ்சு பொரிக்கும், ஒவ்வொரு தடவையும் இரண்டு முட்டை. யாரும் சுடாவிட்டாலும் பாதிக்கு மேல் அடுத்த வருஷத்தைப் பார்ப்பதில்லை. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1937-லிருந்து தனி வரி வாங்கிக் காட்டுயிர்ப் பணிக்கே கொடுக்கிறார்கள். இதனால் உங்கள் மனம் மாற வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. என் மனைவியும் உங்கள் கட்சிதான். வயலில் பூ இருக்கும் ஜூன் மாதம் வரை வருவாள், அப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாள்.

கறி எப்படி?
— வாசகர், சிங்கப்பூர்

கறுத்த கறி, ஈரல் வாசம் லேசாக அடிக்கும். நெஞ்சுக்கறி மட்டும்தான் எடுப்பார்கள். ஆளுக்கு நாலு பறவை வேண்டும். இங்கத்தியர் ஹலபீன்யோ மிளகாயை உள்ளே வைத்து, பன்றிக்கறிச் சீவலைச் சுற்றி, கரியடுப்பில் வாட்டுவார்கள். நான் சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை போட்டு நல்லெண்ணெயில் வறுப்பேன். அதிகம் வேகவிட்டால் ரப்பர். தட்டில் வைப்பதற்குமுன் ஒவ்வொரு துண்டையும் விரலால் அமுக்கிப் பார்த்துவிடுங்கள். ஒரு குண்டு மாட்டினால் பல் மருத்துவருக்கு ஆகிற செலவில் இரண்டு ஏக்கர் சூரியகாந்தி விதைக்கலாம்.